வெண்டா, சோங்கா வைத்தியர்கள் எலும்பு உருட்டுவது எதற்காக?

நூலகவாசி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் வாழும் வெண்டா, சோங்கா மக்களின் பாரம்பரிய வைத்தியம் குறித்து மானிடவியல் பாடத்துக்காகப் படித்து வருகிறேன். நோயாளி வந்து அமர்ந்ததும் வைத்தியர் முதலில் எலும்புகளை உருட்டிப் பார்க்கிறார் என்றும், மூலிகை அதற்குப் பிறகே வருகிறது என்றும் அறிந்தேன். மருந்து தெரிந்த ஒருவருக்கு இந்தச் சடங்கு எதற்கு? இரு மக்களிடமும் முறை ஒன்றுதானா?

மருதன்:
எல்லா நோய்க்கும் உருட்டுவதில்லை. மூலிகை மட்டும் தருகிற வைத்தியர்களும் இருக்கிறார்கள். குறி பார்ப்பவரை முங்கோமா என்பார்கள். இரண்டையும் ஒருவரே செய்வதும் உண்டு. சளி, இருமலுக்கு வெண்டா மக்கள் முலங்கா என்றும் சோங்கா மக்கள் ஷிபாஹா என்றும் அழைக்கும் மரத்தின் மிளகுக் காரமுள்ள பட்டையே போதும். (அந்தப் பட்டையை உரித்து உரித்தே மரம் அருகிவிட்டது என்பது தனி வருத்தம்.) நோய் நீடிக்கும்போதோ, ஒரே வீட்டில் அடுத்தடுத்துத் துன்பம் நேரும்போதோதான் ‘என்ன நோய்’ என்பதைவிட ‘ஏன் இவருக்கு, யாரால்’ என்ற கேள்வி பெரிதாகிறது.

வெண்டா முறையில் நான்கு தட்டையான துண்டுகள்: முதிய ஆண், முதிய பெண், இளைய ஆண், இளைய பெண். ஒவ்வொன்றும் இரு பக்கங்களில் ஒன்றில்தான் விழ முடியும் என்பதால் 16 விதமான அமைப்புகள் கிடைக்கும். சோங்கா வைத்தியரின் பையில் இருப்பதோ ஒரு கிராமமே. ஆடு, மான் போன்றவற்றின் கணுக்கால் எலும்புகள், கடற்சிப்பிகள், கற்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும். கிடாயின் எலும்பு ஊர் ஆண்களையும் பெட்டையின் எலும்பு பெண்களையும் குறிக்கும். எது குப்புற விழுந்தது, எது எதை நோக்கிக் கிடக்கிறது என்பதை வைத்தே வைத்தியர் பேசத் தொடங்குவார். சுவிஸ் மிஷனரி ஆன்றி ஜூனோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். உடன் வந்த உறவினர்கள் ஆமோதிப்பதும் மௌனம் காப்பதும் பேச்சின் போக்கை மாற்றுவதால், கவனிக்காமல் விட்ட முன்னோர் கடனும் வீட்டுச் சண்டையும் அங்கே வெளியே வந்துவிடுகின்றன. மருத்துவப் பயன் என்று ஒன்று இருந்தால், அது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கரைமேடு:
மருதன் சொன்னதோடு ஆவி பிடிக்கும் நோயையும் சேர்க்க வேண்டும். சோங்கா மக்களிடையே ஒருவரைப் பிடிப்பவை பெரும்பாலும் அந்நிய ஆவிகள், குறிப்பாக ங்குனி, ந்தாவ் இனத்தாருடையவை. 19ஆம் நூற்றாண்டில் சோஷங்கானே என்ற ங்குனித் தலைவர் இன்றைய மொசாம்பிக் பகுதியில் நிறுவிய காசா அரசின் போர்கள் அந்த மக்களையெல்லாம் ஒரே நிலப்பரப்பில் கொண்டுவந்து மோதவிட்டன என்பதை நினைத்தால் காரணம் புரியும். முரசொலியில் ஆவியைப் பேசவைத்து, அதன் விருப்பத்தை அறிந்து, நோயாளியை அதனோடு இணங்கி வாழப் பழக்குகிறார்கள். அவரே பின்னர் பயிற்சி பெற்று வைத்தியராவதும் உண்டு. வெண்டா மக்களின் மலோம்போ ஆட்டமும் ஏறக்குறைய இத்தகையதே.

செங்காந்தள்:
மேலுள்ள பதில்கள் ‘யாரால்’ என்ற கேள்வியின் இருண்ட பக்கத்தை மென்மையாகக் கடந்துவிட்டன. வெண்டா தலைவர்களின் அவைகளில் செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கிண்ணத்தில் நீர் நிரப்பி, விதைகளை மிதக்கவிட்டு, சூனியக்காரர் யார் என்று தேடிய வழக்கம் இருந்தது. அப்படிச் சுட்டப்பட்டவரின் கதி என்ன என்பதையும் சேர்த்துத்தான் இந்த வைத்தியத்தை மதிப்பிட வேண்டும். ஒருவரைச் சூனியக்காரர் என்று சுட்டுவதையே 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் கொலைகள் தொடர்ந்ததால், 1995இல் மாகாண அரசு ரலுஷாய் தலைமையில் விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. மறுபுறம், 2007ஆம் ஆண்டின் பாரம்பரிய நலப் பணியாளர் சட்டம் மூலிகை வைத்தியர், மருத்துவச்சி, விருத்தசேதனம் செய்பவர் ஆகியோரோடு குறி பார்ப்பவரையும் அங்கீகரிக்கிறது. நூலகவாசி, உங்கள் கட்டுரையில் இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; குறி பார்ப்பவர் எதுவரை பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற சிக்கல் அங்கேதான் இருக்கிறது.