கறிவேப்பிலைப் புழு டப்பாவில் தண்ணீர் தெளிக்கலாமா?

பாலக்கோட்டார்:
"புழு டப்பாவில் தினம் மூணு வேளை தண்ணீர் தெளிக்கணும், இல்லாட்டி பூச்சி சுருங்கின சிறகோட பிறக்கும்"னு ஓசூர் டீச்சர் எழுதியிருக்காங்க. இதைப் படிச்சுட்டுப் பிள்ளைங்க பீச்சாங்குழலைத் தூக்கினா அத்தனை புழுவும் போச்சு. டப்பாவில கறிவேப்பிலை தின்னு வளர்ற எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு வேண்டிய ஈரம் தளிர் இலையிலேயே இருக்கு. மேல தெளிச்சா எச்சம் ஊறி பூசணம் பிடிக்கும், புழு கறுத்துக் கூழாயிடும். அடியில டிஷ்யூ, மேல கொசுவலை, தினம் எச்சத்தைத் தட்டணும். தண்ணீர் வேண்டாம்.

ஓசூர் டீச்சர்:
கூழ்னு பயமுறுத்தாதீங்க சார். கூடாகறதுக்கு முன்னாடி புழு ஒருதரம் தண்ணியா எச்சம் போடும், அது நோய் இல்ல. சித்திரை வெயில்ல கூடு காஞ்சா பூச்சி ஓட்டுலயே ஒட்டிக்கும். அதுக்குத்தான் தெளிக்கச் சொன்னேன்.

பாலக்கோட்டார்:
அந்த வித்தியாசம் எங்களுக்கும் தெரியும் டீச்சர். கூடாகப்போற புழு எச்சம் போட்டுட்டு இடம் தேடி ஓடும். நோய்ப்புழு துவண்டு தொங்கும். சிறகு சுருங்குறது பெரும்பாலும் பிடிமானம் இல்லாம. வழவழப்பான பிளாஸ்டிக்ல கால் வழுக்கிக் கீழே விழுந்தா சிறகு விரியாது. சாய்வா ஒரு சொரசொரப்பான குச்சி வைங்க, விரிஞ்ச சிறகு காய ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. தண்ணீர் வேண்டாம்.

அரூர் தம்பி:
அண்ணா, உழவர் சந்தைக் கறிவேப்பிலை போடலாமா?

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
வேண்டாம் தம்பி. மருந்தடிச்ச இலையா இருந்தா கழுவினாலும் முழுசாப் போகாது, புழு வாந்தியெடுத்துச் சாகும். வீட்டுச் செடி இலையே போடுங்க.

பாலக்கோட்டார்:
மாம்பூ நேரத்துல தோப்புக்காரங்க அடிக்கிற மருந்து காத்துல வந்து வீட்டுச் செடியிலயும்தான் படுது.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
எதுக்கெடுத்தாலும் தோப்புக்காரன்தானா? தத்துப்பூச்சி வந்தா மாம்பூ முழுக்கக் கருகும், நீங்க வந்து காப்பாத்துவீங்களா? போன மாம்பழ சீசன்லயும் இதே பேச்சுத்தான் பேசினீங்க.

ஓசூர் டீச்சர்:
காம்பைத் தண்ணி பாட்டில்ல செருகி வைக்கச் சொன்னது யாருங்க? நீங்கதானே! அது மட்டும் தண்ணி இல்லையா?

பாலக்கோட்டார்:
பாட்டில் வாயைப் பஞ்சால அடைக்கணும்னும் சொன்னேனே, அதை ஏன் விட்டீங்க? அடைக்கலன்னா புழு இறங்கி மூழ்கிடும். பாட்டில் தண்ணி இலைக்கு, புழுவுக்கு இல்ல.

அரூர் தம்பி:
எருக்கம்புழுவுக்கும் இதே முறைதானா?

ஓசூர் டீச்சர்:
அது வெந்தய வரியன்ங்கிற வண்ணத்துப்பூச்சியோட புழுதான் தம்பி, முறை அதேதான். எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து, இலையைப் பெரியவங்கதான் பறிக்கணும். அதோட கூடு தலைகீழாத் தொங்கும், அதனால வலை மேல்பக்கம் இழுத்துக் கட்டியிருக்கணும். லேசாத் தெளிக்கவும் செய்யலாம்.

பாலக்கோட்டார்:
இப்ப "லேசா"வா? மேல "மூணு வேளை"ன்னு இருக்கு. ஓசூர் குளுருக்கு அதுகூட அதிகம். தருமபுரி வெயிலுக்குக்கூட டப்பாவுக்கு வெளியே ஈரத்துணி போட்டாலே போதும். அந்த வரியை எடுங்க.

ஓசூர் டீச்சர்:
ஈரத்துணி மட்டும் என்னங்க, அது தண்ணி இல்லையா? எடுக்க மாட்டேன்.

பாலக்கோட்டார்:
துணி வெளியே, புழு உள்ளே. திரும்பவும் சொல்றேன், உள்ளே தண்ணீர் வேண்டாம்.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
தோப்பு மருந்துன்னு சொன்னதுக்கு இன்னும் பதில் வரல.