வெறுப்புப் பேச்சுக்குச் சிறையா, பேச்சுரிமையா: அம்பாறைச் சாப்பாட்டுக் கடையை வைத்து ஒரு கேள்வி

அக்கரைப்பற்றான்:
2018 பெப்ரவரி 26 இரவை எங்கட பக்கத்தில யாரும் மறக்கல்ல. அம்பாறை டவுனில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள்ள வெள்ளையா ஏதோ கட்டி கிடந்திருக்கு. "மலட்டு மாத்திரை போட்டியா?" என்று ஆட்கள் சூழ்ந்து நின்று சிங்களத்தில கேட்கிறாங்க. சிங்களம் சரியா விளங்காத மனிசன், பயத்தில "ஓம்" எண்டிட்டார். அந்த வீடியோ முகநூலில பரவினது. அந்த இரவே பள்ளிவாசல், கடை, வாகனம் எல்லாம் அடித்து நொறுக்கினாங்க. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில வந்தது, அது வெறும் மாக்கட்டி. சாப்பாட்டில கலந்து ஆளை நிரந்தரமா மலடாக்கிற மாத்திரை உலகத்திலேயே இல்லை. அடுத்த மாதம் கண்டிப் பக்கம் திகன எரிஞ்சது, அங்கயும் முஸ்லிம்களைத்தான் அடிச்சாங்க. இதைப் பரப்பினவனுக்கும் பேச்சுரிமை எண்டு சொல்ல வாறீங்களா?

கல்லடிப்பாலம்:
காக்கா, அவனுக்கு நான் வக்காலத்து வாங்கல்ல. ஆனா அப்ப சட்டம் இருந்ததுதானே? 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கை) சட்டம், 3 ஆம் பிரிவு. இன, மதப் பகையைத் தூண்டினால் பத்து வருடம் வரை சிறை. நீதவானால பிணை தர ஏலாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேணும். அந்தப் பிரிவில பிடிபட்டது ஆர்? 2019 இல சிறுகதை எழுதின சக்திக சத்குமார, நாலு மாதத்துக்கு மேல உள்ள இருந்தார். 2020 ஏப்ரலில றம்ஸி றாசீக். முஸ்லிம்கள் மேல கொட்டுற வெறுப்புக்குப் பேனையாலயும் கீபோர்டாலயும் போராடுங்க எண்டு எழுதினவர். ஐந்து மாதம் அடைச்சு வைச்சாங்க. 2023 நவம்பரில உயர் நீதிமன்றம் அவருக்கு 10 இலட்சம் ரூபா நட்டஈடு குடுக்கச் சொன்னது. நீங்க கேட்கிற கத்தி உங்கட ஆளையும் வெட்டியிருக்கு.

அக்கரைப்பற்றான்:
பொது பல சேனாவின்ட ஞானசார தேரர் மேலயும் சட்டம் பாய்ஞ்சதுதானே. 2016 இல இஸ்லாத்தைப் பற்றிப் பேசினதுக்கு 2024 மார்ச்சில நாலு வருடத் தண்டனை.

கல்லடிப்பாலம்:
எட்டு வருடம் கழிச்சு! றாசீக்கை எழுதின கிழமையே தூக்கினாங்க. இந்த வித்தியாசத்தைத்தான் சொல்றன்.

சம்மாந்துறை றாத்தா:
சட்டத்தை விடுங்க, கம்பனிக்காரனைக் கேட்க ஆருமில்லையா? திகன நேரம் முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லிச் சிங்களத்தில எழுதினதை முறைப்பாடு செய்தவங்களுக்கு, "எங்கட விதியை மீறல்ல" எண்டு முகநூலில இருந்து பதில் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஆட்கள் அவங்களிட்ட போதாது. மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதம். அரசாங்கமோ முழு முகநூலையும் ஒரு கிழமை மூடினது. சரியானதைச் சொல்ல நினைச்சவங்களுக்கும் வாய் அடைபட்டது.

வாவிக்கரை:
நான் மட்டக்களப்புத் தமிழ்ப் பொம்பிளை. எங்கட பக்கத்தையும் சொல்லவேணும். 2019 உயிர்த்த ஞாயிறு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்ச பிறகு எங்கட ஒழுங்கைக்காரர் வட்சப் குழுவில அழுகையும் ஆத்திரமும் நிரம்பி வழிஞ்சது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர், எப்படி வழியாம இருக்கும்? மறுகா ஒரு நாள் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக் கடைகளின்ட பேர் போட்டு, "இங்க வாங்காதே, இவங்களுக்குப் பாடம் படிப்பி" எண்டு ஒரு பட்டியல் வந்தது. குழு என்ட பொறுப்பில. அழுகை ஒண்டையும் அழிக்கல்ல, பட்டியலை அழிச்சன். "வேதனையைச் சொல்லவும் விடமாட்டியா?" எண்டு சொந்த மச்சாளே கேட்டா, ரெண்டு மாதம் பேசவே இல்லை. கடையின்ட பேரைக் காட்டிக் கூட்டத்தை அங்க அனுப்பிறது வேதனை இல்லை. என்னால பிரிக்கக்கூடிய கோடு அதுதான்.

கல்லடிப்பாலம்:
அக்கா, நீங்க பிரிச்சீங்க, சரி. அரசாங்கம் பிரிச்சா? இணையத்தில எழுதுறதைக் கட்டுப்படுத்த வந்த 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில எது பொய் எண்டு முடிவு எடுக்கிறது ஜனாதிபதி நியமிக்கிற அஞ்சு பேர் ஆணைக்குழு. நாளைக்குக் காணி அபகரிப்பைப் பற்றி நாங்க எழுதினா அதையும் இனவாதம் எண்டு சொல்லமாட்டாங்களா?

வாவிக்கரை:
சொல்லுவாங்க. அதுக்குத்தான் தண்டிக்கிறது நீதிமன்றத்தோட நிக்கவேணும், ஆணைக்குழுவுக்குப் போகப்படாது எண்டுறன்.

அக்கரைப்பற்றான்:
பிணை நீதவானிட்ட வரவேணும், ஆணைக்குழு வேணாம், ரெண்டுக்கும் உங்களோட நிக்கிறன் தம்பி. 3 ஆம் பிரிவையே எடுத்துப்போடுங்க எண்டா மாட்டன். அண்டைக்கு அந்தக் கடைக்குள்ள நிண்டது என்ட வாப்பாவா இருந்திருந்தா எண்டுதான் இப்பவும் நினைப்பு ஓடுது.