புதுப்பிப்பு: கறி தோசையைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்

மதுரைச் சாப்பாட்டுச் சுற்று பற்றிப் போன வாரம் எழுதியபோது, கறி தோசையை 'ஆறிப்போன ஊத்தப்பம்' என்று திட்டியிருந்தேன். போன கடை தப்பு, சிம்மக்கல் கோனார் கடைக்குப் போங்கள் என்றீர்கள். சரி என்று நேற்று ராத்திரி போனேன். கல்லில் தடிமனாக மாவு, மேலே முட்டை, அதன்மேல் மட்டன் கறி. திருப்பிப் போட்டதும் ஓரம் முறுகி ஒரு வாசனை வந்தது பாருங்கள், அதற்கே காசு தகும். ஒன்று போதும், இரண்டாவது கேட்டது என் பேராசை.

அப்புறம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். வயிற்றில் இடமே இல்லை, ஆனாலும் டம்ளர் காலி.

முதலில் போன கடைக்கு மட்டும் மதிப்பெண் மாறவில்லை. அங்கே சால்னாவும் ஆறித்தான் இருந்தது.