வரி மாறினால் பழைய பில்லும் மாறுமா? டேபிள் வடிவமைப்பில் பார்த்தவை

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அந்தச் சமயத்தில் ஒரு மொத்த வியாபாரியின் பில்லிங் சாஃப்ட்வேரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஷாம்பு, டூத்பேஸ்ட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியதால், பொருள் டேபிளில் 18-ஐ 5 என்று மாற்றியிருந்தார்கள். அப்புறம் ஆகஸ்ட் மாத பில் ஒன்றை மறுபடி பிரிண்ட் எடுத்தால், அதிலும் 5 சதவீதம்! வாங்கியவர் கையில் இருக்கும் தாளில் ஒரு தொகை, கணினியில் வேறு தொகை.

பில் விவர டேபிளில் பொருள் எண்ணும் அளவும் மட்டுமே இருந்தன. விலையும் வரியும் ஜாயின் போட்டு, அதாவது பொருள் எண்ணை வைத்து இரண்டு டேபிளையும் இணைத்து, பொருள் டேபிளிலிருந்து வந்தன. ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக்கூடாது என்ற நார்மலைசேஷன் விதியை அதை எழுதியவர் கெட்டியாகப் பிடித்திருந்தார். விதி நல்ல விதிதான். தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை முன்வைத்த 1970 கட்டுரையிலேயே எட்கர் காட் இந்த மிகைப்பதிவைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் ஷாம்புவின் இன்றைய வரியும், அன்று அந்த பில்லில் போட்ட வரியும் ஒரே தகவல் அல்ல. முன்னது மாறும், பின்னது நடந்து முடிந்தது, எப்போதும் மாறக்கூடாது. இந்த வேறுபாட்டை எந்த நார்மல் ஃபார்மும் (நார்மலைசேஷனின் படிநிலைகள்) நமக்காகக் கண்டுபிடித்துத் தராது. தொழிலைத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

பில் விவரத்தில் விலை, வரி விகிதம் இரண்டுக்கும் ஃபீல்டு சேர்த்தோம். வரிக்குத் தனி டேபிள் போட்டு, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதையும் வைத்தோம். பழைய பில்களுக்கான எண்களைப் பேக்கப்பிலிருந்து நிரப்பினோம். தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகையில் இருந்த தொகைகளை, துல்லியமாக வைக்கும் டெசிமல் வகைக்கு மாற்றியது தனி வேலை.

மறுமொழி:
நான் பார்த்தது ஒரு கிளினிக்கில். நோயாளி டேபிளுக்கு மொபைல் நம்பர்தான் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும், இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்க முடியாத ஃபீல்டு. நம் வீடுகளில் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நம்பரைத்தானே கொடுப்போம்? இரண்டாவது ஆளைப் பதிய சிஸ்டம் விடவில்லை. வரவேற்பில் இருந்த அக்கா வேறு வழியில்லாமல் நம்பரின் கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்துப் பதிந்துவந்தார். அந்த நோயாளிகள் யாருக்கும் எஸ்எம்எஸ் போகவில்லை. அவர் மேல் தப்பே இல்லை, டேபிள்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது. நோயாளிக்குத் தனியாக ஓர் எண் கொடுத்து, மொபைல் நம்பரைச் சாதாரண ஃபீல்டு ஆக்கிய பிறகுதான் சரியானது.

முதல் பதிவு போட்டவரிடம் ஒரு கேள்வி: செப்டம்பருக்கு முன் விற்ற சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால் எந்த வரி?

பதில்:
விற்ற அன்றைய வரிதான் சார். ரிட்டர்ன் டேபிளில் அசல் பில் விவரத்தின் எண்ணை ஃபாரின் கீயாக, அதாவது அந்தப் பதிவைச் சுட்டும் இணைப்பாக வைத்திருக்கிறோம். விகிதம் அங்கிருந்தே வரும், யாரும் கையால் போட முடியாது.