ஜெர்பிலுக்கு மணல்தான் சீயாக்காய்: வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

ஹாரோ, லண்டன்

மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு ஜெர்பில் குட்டிகள் வாங்கினோம். ஜெர்பில் என்பது வீட்டில் வளர்க்கும், எலி போன்ற ஒரு சிறு பிராணி. அண்ணன் தம்பி. ஒன்று பொன்னிறம், மற்றது கறுப்பு. வந்த புதிதில் மயிர் பட்டுத் துணி போல வழவழவென்று படிந்திருந்தது. அக்டோபர் கடைசியில் பார்த்தால் திரிதிரியாகப் பிரிந்து, மழையில் நனைந்த கோழிக்குஞ்சின் கோலம். தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டியது. கறுப்பனின் மூக்கோரத்தில் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. இரத்தம் என்று நினைத்து மகள் அழத் தொடங்கிவிட்டாள்.

இளஞ்சூட்டு நீரில் பஞ்சை நனைத்து இரண்டையும் நன்றாகத் துடைத்துவிட்டேன். அரைமணி நேரம் மூலையில் ஒடுங்கி நடுங்கின. இவ்வளவு சின்ன உடம்பு நனைந்தால் சூடு மளமளவென்று இறங்கிவிடும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்து, கடையில் கேட்டதற்கு, சின்சில்லா என்ற இன்னொரு வளர்ப்புப் பிராணி புரண்டு குளிக்கும் தூளைத் தந்தார்கள். முகத்துக்குப் பூசும் பவுடரைப் போல மென்மை. கிண்ணத்தில் கொட்டியதும் கண்ணாடித் தொட்டி முழுவதும் புகை எழும்பியது. மறுநாள் பொன்னன் தும்மித் தும்மிக் களைத்துப்போனான். காதருகே வைத்துக் கேட்டால் மூச்சில் ‘டிக் டிக்’ என்று சத்தம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

அவர் நிதானமாக விளக்கினார். மூக்கில் காய்ந்திருந்தது இரத்தம் அல்ல. ஜெர்பிலின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அதில் சுரக்கும் கொழுப்போடு போர்பிரின் என்ற சிவப்பு நிறமியும் சேர்ந்து வரும். அது மூக்கு வழியாக இறங்க, உமிழ்நீரோடு குழைத்து, முன்கால்களால் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். மொங்கோலியாவிலும் வடசீனத்திலும் உள்ள புல்வெளிகள்தான் இவற்றின் பூர்வீகம். அந்தக் கடுங்குளிரில் அந்த எண்ணெய்ப் பூச்சுத்தான் போர்வை. ஆனால் பூசப் பூச அது மிஞ்சும். மிஞ்சியதை எடுக்க மண்ணில் புரளும். மூக்கில் அதிகம் தேங்கினால் தோல் எரிந்து, மயிர் கொட்டி, புண்ணாகிக் கிருமியும் தொற்றிவிடும். கறுப்பனுக்குப் புண் வரவில்லை என்பதில்தான் என் நிம்மதி.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது அம்மா உடனே, “தலைக்கு எண்ணெய் வைத்தால் சீயாக்காய் தேய்த்து முழுக வேண்டாமா, அதுபோலத்தானே?” என்றார். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

வைத்தியர் தந்த மருந்தில் தும்மல் நின்றது. தூளை எறிந்துவிட்டு, பிள்ளைகள் விளையாடும் மணலில் ஒரு பை வாங்கினேன். அரிசி களைவது போல, தண்ணீர் தெளியும் வரை கழுவினேன். ஏழெட்டுத் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. வெளியேறிய அந்தக் கலங்கல்தான் மூச்சுக்குள் போகும் தூசி. பிறகு தட்டில் பரப்பி ஓவனில் காயவைத்து, முழுக்க ஆறியதும் கனமான பீங்கான் கிண்ணத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் போட்டு உள்ளே வைத்தேன்.

முதலில் கறுப்பன் வந்து மோந்தான். முன்கால்களால் படபடவென்று கிளறினான். சட்டென்று ஒரு பக்கக் கன்னத்தை மணலில் அழுத்தி, அப்படியே விலாவை இழுத்துக்கொண்டு வழுக்கினான். மறுபக்கம் திரும்பி இன்னொரு தடவை. பின் வயிற்றைத் தரையோடு நீட்டித் தேய்த்தான். நடுவயிற்றில் மயிரில்லாமல் மஞ்சளாக ஒரு கீற்றுத் தெரியும். அது மணச் சுரப்பி. குளிக்கும்போதே தன் வாசனையையும் அங்கே பதித்துவிடுகிறான். எழுந்து ஒரே உதறல், மணிகள் கண்ணாடியில் சரசரவென்று பட்டுத் தெறித்தன. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். பத்து நாளில் மயிர் மறுபடி படிந்துவிட்டது.

இப்போது கிண்ணம் எந்நேரமும் உள்ளேயே இருக்கிறது. அதிலேயே சிறுநீரும் கழிப்பார்கள் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மா அரிக்கும் அரிதட்டுப் போல ஒன்றில் அரித்துவிடுகிறேன். அதற்கென்றே தனி அரிதட்டு வைத்திருக்கிறேன். ஈரமாகக் கட்டிபட்ட மணல் குப்பைக்குத்தான்.

ஸ்கார்பரோ, டொராண்டோ

அக்கா எழுதியதில் ஒன்றைக் கூட்ட விரும்புகிறேன். எங்களிடம் மணல் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஒழுங்காகப் புரண்டார்கள். ஆனாலும் ஜூலை மாதம் மயிர் குத்திட்டு நின்றது. நாங்கள் இருப்பது நிலவறை வீடு. ஈரப்பதமானி வாங்கி வைத்துப் பார்த்தால் 68 சதவீதம்! 50 சதவீதத்தைத் தாண்டினாலே இவற்றின் மயிர் படியாது என்பதை அதன் பிறகுதான் அறிந்தேன். தொட்டியைத் துணி துவைக்கும் மூலையிலிருந்து மாற்றி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைப் போட்டோம். நாற்பத்தைந்துக்கு இறங்கியது, மயிரும் இறங்கியது. அக்காவின் வீட்டிலும் அக்டோபரில் உடுப்பு உள்ளேதான் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சோறு வேகும் ஆவியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்து மணல் என்று நிறம் நிறமாக விற்பதை வாங்காதீர்கள். ஈரம் பட்டால் கட்டியாகிவிடும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் அப்படியே.

டோர்ட்முண்ட், ஜெர்மனி

எனக்குச் சொல்ல வேண்டியது ஒரு கிழவனைப் பற்றி. மூன்றே கால் வயது. இங்கே ‘ரென்மவுஸ்’ என்பார்கள், ஓட்டக்கார எலி என்று பொருள். உண்மையில் அப்படித்தான் ஓடினான். சென்ற பங்குனியில் அவன் மயிர் மட்டும் பிசுபிசுத்தது. கூட இருந்தவனுக்கு ஒன்றுமில்லை. மணல் பழையதோ என்று இரண்டு தடவை மாற்றினேன். (இங்கே சின்சில்லா மணல் என்ற பெயரில் கிடைப்பது உருண்டை மணிகளாக இருக்கும், தூள் அல்ல. பெயரைப் பார்க்காமல் விரலிடையே தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்.) ஒரு மாலை உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. கிண்ணத்தின் விளிம்பில் கால் வைக்கிறான், தலை ஒரு பக்கம் சாய்கிறது, திரும்பிப் போய்விடுகிறான். நடுக்காதில் கட்டி என்று வைத்தியர் சொன்னார். வயதான ஜெர்பில்களுக்கு வருவதாம்.

அதனால்தான் எழுதுகிறேன். குளிக்காமல் விட்டால் மணலைச் சந்தேகிக்கும் முன் பிள்ளையைப் பாருங்கள். நான் மூன்று கிழமை வீணாக்கிவிட்டேன்.

கிண்ணத்தை எடுத்துவிட்டு, விளிம்பு விரல் தடிப்பே உள்ள ஒரு தட்டை வைத்தேன். தூக்கிவிடும்போது வாலைத் தொடவே மாட்டேன், தோல் உரிந்து வந்துவிடும். இரு கைகளையும் குழித்து ஏந்தி இறக்குவேன். அவனால் புரள முடியவில்லை. சாய்ந்த பக்கமாகவே மணலில் படுத்து, பின்காலால் மெல்ல உந்தி உந்தி அரைவட்டம் சுற்றினான். மற்றவன் வந்து அவன் பிடரியில் ஒட்டியிருந்த மணிகளை ஒவ்வொன்றாக நக்கி எடுத்தான். ஆவணி வரை ஒவ்வொரு மாலையும் அப்படித்தான் குளித்தார்கள்.