குளோபல் 1940: மீட்ட நார்மண்டி யாருக்கு, அமெரிக்காவுக்கா பிரான்சுக்கா?

பகடைப்பித்தன்:
ஆக்ஸிஸ் அண்ட் அல்லைஸ் குளோபல் 1940 (இரண்டாம் உலகப்போர் போர்டு கேம்), இரண்டாம் பதிப்பு. ஆட்டம் பாதியில் நிக்குது, உதவுங்க. பாரிஸ் முதல் ரவுண்டிலேயே ஜெர்மனி கைக்குப் போயாச்சு. நான் அமெரிக்கா. நார்மண்டியில் படை இறக்கி ஜெயிச்சுட்டேன். "அது பிரான்ஸ் நிலம், மீட்டா பிரான்சுக்குத்தான், உனக்குப் பைசா கிடையாது"ன்னு ஜெர்மனி ஆடுற நண்பர் ஒத்தைக்கால்ல நிக்கிறார். அங்க இருக்கிற சின்ன ஃபேக்டரியாவது எனக்கு உண்டா?

வடகரை:
அவர் சொல்றது பொதுவிதி. கூட்டாளி நிலத்தை மீட்டா பழைய சொந்தக்காரருக்கே போகும். ஆனா அந்த நாட்டுத் தலைநகர் எதிரிகிட்ட இருந்தா, மீட்டவருக்கே நிலம். உங்க டர்ன் முடியும்போது பாரிஸ் யார் கையில இருக்குன்னு மட்டும் பாருங்க. ஜெர்மனிகிட்டன்னா நார்மண்டி உங்களுது. அமெரிக்க முத்திரையை வச்சு, வருமானத்துல 2 ஐபிசி (ஆட்டத்தோட பணம்) ஏத்திக்குங்க.

ஃபேக்டரி இந்த டர்ன்ல கிடையாது. டர்ன் தொடங்கும்போதே கையில இருந்த ஃபேக்டரியிலதான் புதுப்படை இறக்கலாம். ஜெர்மனி அதுக்குள்ள திருப்பிப் பிடிக்கலேன்னா, அடுத்த டர்ன்லேர்ந்து 3 யூனிட் வரை இறக்குங்க.

கடல்புறா_77:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஒரே டர்ன்ல நார்மண்டியையும் பாரிஸையும் நீங்களே மீட்டா, ரெண்டும் நேரா பிரான்சுக்குத்தான். எந்தச் சண்டை முதல்ல நடந்ததுங்கிறது கணக்கில்லை.

பகடைப்பித்தன்:
ரொம்ப நன்றி. எனக்கு அப்புறம் பிரிட்டன் பாரிஸைப் பிடிக்கப் போகுது. அப்போ என் நார்மண்டி? இன்னொண்ணு: பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா சும்மா கிடக்கு. உள்ள போய் நின்னா எனக்கு வருமா?

வடகரை:
ஆப்பிரிக்கா வராது. எதிரி பிடிக்காத நிலத்தை மீட்க முடியாது. உங்க படை அங்க நிக்கலாம், ஆனா நிலம் பிரான்சோடதுதான். பாரிஸ் இல்லாத வரைக்கும் அந்த வருமானம் யாருக்கும் கிடையாது. டச்சுத் தீவுகள்ல பிரிட்டனும் ஆன்சாக்கும் (ஆஸ்திரேலியா-நியூசிலாந்து அணி) சண்டையில்லாம நடந்துபோய் எடுத்துக்கலாம்னு தனிவிதி இருக்கு, குழப்பம் பெரும்பாலும் அதனாலதான் வருது.

பாரிஸ் மீண்ட அந்த நொடியே நார்மண்டி, ஃபேக்டரியோட சேர்த்து, பிரான்சுக்குத் திரும்பிடும். உங்க படை அங்கேயே இருக்கும். எதிரி தலைநகரைப் பிடிச்சா அவங்க கையிருப்புப் பணம் கிடைக்குமே, அந்தக் கொள்ளைப்பணம் இங்க பிரிட்டனுக்குக் கிடையாது. பிரான்ஸ் டர்ன் கடைசி, அதனால அதே ரவுண்டில் வருமானம் வாங்கும், செலவழிக்கிறது அடுத்த ரவுண்டில்.

கடல்புறா_77:
ஃபேக்டரி போகுதேன்னு பிரிட்டனைத் தடுத்துடாதீங்க. பாரிஸ் முதல் தடவை மீளும்போது பிரான்ஸ் 12 ஐபிசிக்கு இலவசப் படையை உடனே அங்க வைக்கும். அதாவது நாலு இன்ஃபன்ட்ரி (காலாட்படை). ஜெர்மனி திருப்பி அடிக்க வர்றதுக்குள்ள அது காவலுக்கு நிக்கும். மூணு யூனிட் ஃபேக்டரியை விட எனக்கு அதுதான் பெரிசு.

பகடைப்பித்தன்:
நண்பர்கிட்ட படிச்சுக் காட்டினேன், ஒத்துக்கிட்டார். இலவசப் படை பத்தி எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. பிரிட்டன் இப்பவே இறங்குது.