ஃபிளின் விளைவு: 'தலைமுறை மதிப்பெண் பெயர்ச்சி' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

நுண்ணறிவுத் தேர்வுகளில் (IQ) சராசரி மதிப்பெண் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவருவதை ஆங்கிலத்தில் Flynn effect என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று குழுவில் பேசிவருகிறோம். 'ஃபிளின் விளைவு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற ஐயாவின் கருத்தையும், 'நுண்ணறிவு வளர்ச்சி' என்ற அம்மையாரின் முன்மொழிவையும் படித்தேன். முதலாவது ஆளைச் சொல்கிறதே தவிர நிகழ்வைச் சொல்லவில்லை. இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஆய்வு நிறுவாத ஒன்றை அச்சொல் நிறுவிவிடுகிறது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் காட்டியது, 1932க்கும் 1978க்கும் இடையில் நுண்ணறிவுத் தேர்வுகளில் அமெரிக்கர்களின் சராசரி மதிப்பெண் ஏறக்குறைய 14 புள்ளிகள் கூடியிருந்தது என்பதைத்தான். தேர்வைப் புதுப்பிக்கும்போதெல்லாம் சராசரியை மீண்டும் 100 என்று வைத்துவிடுவதால் இந்த ஏற்றம் கண்ணுக்குப் படாமலே இருந்தது. ஒரே ஆட்கள் பழைய தேர்வையும் புதிய தேர்வையும் எழுதி, பழையதில் கூடுதலாக வாங்கியபோதுதான் அது புலப்பட்டது.

ஏறியது எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் அன்று. எட்டுக் கட்டங்களில் உருவங்களைக் காட்டி, காலியான ஒன்பதாவதில் எது பொருந்தும் என்று கேட்கும் ரேவன் தேர்வில், நெதர்லாந்தின் இளம் படைவீரர்கள் 1952 முதல் 1982 வரை சுமார் 20 புள்ளிகள் ஏறினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் எண்கணிதத்திலும் சொல்வளத்திலும் ஏற்றம் சிறிதே. ஒற்றுமை கேட்கும் கேள்விகளும் இத்தேர்வுகளில் உண்டு. நாய்க்கும் முயலுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டால், நூறாண்டுக்கு முந்தைய மனிதர் "நாயை விட்டு முயல் பிடிக்கலாம்" என்றிருப்பார் என்று ஃபிளின் விளக்குவார். "இரண்டும் பாலூட்டிகள்" என்பதற்குத்தான் மதிப்பெண். முன்னவரை அறிவு குறைந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் உலகத்தை வகைப்படுத்தவில்லை, பயன்படுத்தினார். ஆகவே நம் சொல்லில் 'மதிப்பெண்' இருக்க வேண்டும், 'நுண்ணறிவு' இருக்கக் கூடாது.

'விளைவு' என்றால் எதன் விளைவு என்ற கேள்வி உடனே எழும். பள்ளிக்கல்வி, ஊட்டம், சிறு குடும்பம் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன; முடிவு எட்டப்படவில்லை. 'ஏற்றம்' என்பதும் போதாது. நார்வேயில் 1975க்குப் பின் பிறந்த ஆண்களின் மதிப்பெண் இறங்கியதையும், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே அந்த இறக்கம் தெரிவதையும் 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனவே 'தலைமுறை மதிப்பெண் பெயர்ச்சி' என்று முன்மொழிகிறேன். இயற்பியலில் 'இடப்பெயர்ச்சி' நமக்குப் பழகிய சொல். பெயர்ச்சியில் ஏற்றமும் அடங்கும், இறக்கமும் அடங்கும். கலைச்சொல் பட்டியலில் ஃபிளின் பெயரை மாற்றுவழக்காக அடைப்புக்குறிக்குள் தரலாம். ஒப்பிடுவதற்காக வகுக்கும் சராசரி அளவுக்கு 'ஒப்பளவு' பொருந்துமா என்பதையும் உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.